வெடியா, கற்பூரமா

பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறை வெடித்ததில் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்த சோலையப்பன், அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒரு கிலோ வீதம் காற்றில் கரையத் தொடங்கினார். வலியில்லை, காய்ச்சலில்லை, கற்பூர வாசனை மட்டும். சிவகாசிப் பக்கம் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிழைத்து வந்தவனிடம் போய் என்னத்தைக் குறை சொல்ல? அவர் மனைவி சீனித்தாய், கற்பூர டப்பாவில் போடுகிற மாதிரி அவர் சட்டைப்பைகளில் மிளகைப் போட்டுத் தைத்தாள். கரைவது கொஞ்சம் மட்டுப்பட்டது.

ஒருநாள் பீடி பற்றவைக்கையில் அவருடைய சுண்டுவிரல் திரிபோல எரிந்தது. விஷயம் வெடிபொருள் ஆய்வாளர் காதுக்குப் போய்விட்டது. வெடிமருந்தைக் குடியிருப்பில் வைத்திருக்கக் கூடாது, ஊருக்கு வெளியே குடோனில்தான் பூட்ட வேண்டும் என்று அவர் வந்து நின்றார்.

"காத்துப் புகாத ரூம்மா. கரையாம முப்பது வருசம் இருப்பாரு."

"எம் புருசன் என்ன தீவாளிச் சரக்கா, அடுக்கி வைக்க?" என்று சீறினாள் சீனித்தாய்.

பட்டாசு தனக்கு வேண்டிய காற்றை வெடியுப்பிலேயே பொதிந்து வைத்திருக்கும், மூடினால் மூர்க்கமாகும். கற்பூரம் வெளிக்காற்றை நம்பிப் பிழைப்பது, மூடினால் அணையும். இது பட்டாசு ஆலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே பொட்டலில் வைத்துச் சோதிப்பதென்று முடிவானது. ஆய்வாளர் உட்பட ஊரே நூறடி தள்ளி நின்றது. விரல் எரிந்துகொண்டிருக்க, சீனித்தாய் எவர்சில்வர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தள்ளிப் போ புள்ள. வெடிச்சா ரெண்டு பேரும் காலி."

"நீரு வாய மூடும்" என்று டம்ளரை விரல்மேல் கவிழ்த்தாள். எடுத்தபோது தீ இல்லை.

"கற்பூரந்தாம்மா. வீட்லயே வச்சுக்கலாம்" என்றார் ஆய்வாளர். "ஆனா கரைஞ்சே போயிருவாரே?"

"கரையட்டும் சார். எங்கூட இருந்து கரையட்டும்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஓவென்று அழுதாள்.

ஏழு வருடம் இருந்தார். கடைசி ஆடியில் அவரை மடியில் வைத்துத் தலைவாரி விடுகிற அளவுக்குச் சிறுத்திருந்தார். ஒரு காலையில் பாயில் துண்டு மட்டும் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எதைத் தூக்குவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். வீடு முழுக்க வாசனை.

"உள்ள வந்து கதவு சன்னலச் சாத்துங்க" என்றாள் சீனித்தாய். "இன்னுங் கொஞ்ச நேரம் வீட்ல இருக்கட்டும்."

சாத்தினார்கள்.