ஒன்று தசம் இரண்டு

என் கணவர் தில்லைநாதன் முப்பத்திரண்டு வருடம் நில அளவையாளராக வேலை பார்த்தவர். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். தையற்காரன் தைத்துக் கொடுத்த காற்சட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து நாடா பிடிப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் டொக்டர் ருஷ்தா, "இனி மாசாமாசம் ரத்தம் சோதிக்கத் தேவையில்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டார்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, இரத்தம் கட்டியாகக்கூடாது என்று ஆறு வருடமாக வார்பரின் என்ற குளிசை குடித்தவர். மாதம் ஒருமுறை வெள்ளவத்தையில் சோதனைக்கு இரத்தம் கொடுப்பார். எண் குறைந்தால் இரத்தம் தடிப்பு, கூடினால் மெல்லிசு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எண் வந்தால் அன்று முழுக்க வீட்டில் பாட்டுத்தான். இப்போது மாற்றித் தந்த புதுக் குளிசைக்குச் சோதனையும் இல்லை, கீரைக்குத் தடையும் இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வேலை செய்யுதோ இல்லையோ எண்டு எப்பிடியப்பா தெரியும்? பாரிசவாதம் வந்தாப் பிறகோ?"

பல்கனிக்கும் கதிரைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். நான் எரிந்து விழுந்தேன். "டொக்டரைவிட உங்களுக்குக் கனக்கத் தெரியுமோ? பேசாமல் இருங்கோ."

பேசாமல் இருந்தார். சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தேன். என்ன மடைத்தனம்!

பத்து நாள் கழித்து, அவர் பல் தீட்டிய வாஷ்பேசின் சிவந்திருந்தது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கையளவு நீலம் பாரித்த கண்டல். மிரட்டிக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். எனக்குத் தெரியாமல் போய்ப் பழைய சோதனையையே செய்திருக்கிறார். ஒன்று தசம் இரண்டு. இரத்தம் தடித்துவிட்டது என்று பயந்து, எட்டு நாளாகப் புதுக் குளிசையோடு பழையதையும் சேர்த்துக் குடித்திருக்கிறார்.

பழையது அலுமாரியில் பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது. வைத்தது நான். கொட்டாஞ்சேனையிலிருக்கும் மச்சாள் இரத்தினம்மாவுக்கும் அதே குளிசைதான், மிச்சத்தை அவவிடம் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். எங்கள் வீடுகளில் யார்தான் மருந்தை எறிகிறார்கள்? பழையதை வைத்திருக்க வேண்டாம் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்; வாட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். ருஷ்தா வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இந்த டெஸ்ட் புது மருந்தைச் சரியாக் காட்டாது அங்கிள். எண் குறைஞ்சதால மருந்து வேலை செய்யல்ல எண்டு இல்ல."

"அப்ப அதைக் காட்டுற டெஸ்ட் ஒண்டும் இல்லையோ?" கேட்டது நான்தான்.

"இருக்கு அன்ரி. ரத்தம் போனா, அவசரமா ஒபரேஷன் எண்டா, அப்பிடியான நேரம் பார்ப்போம். வழமையா எல்லாருக்கும் பார்க்கிறதில்ல. எந்த எண் வந்தா மருந்தைக் கூட்டுறது, எந்த எண் வந்தாக் குறைக்கிறது எண்டு இன்னும் ஒருத்தரும் முடிவாச் சொல்லல்ல."

கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். "நானும் இதைத்தானே கேட்டனான்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தகரத்திலிருந்ததை அன்றைக்கே பார்மசியில் ஒப்படைத்தேன். அவர் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. பொன்னாங்காணியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுகிறார். இருப்புக் கொள்ளாதது எனக்குத்தான். காலையில் அவர் பல் தீட்டி முடியும்வரை குளியலறைக் கதவடியில் நிற்கிறேன்.

"பைப்பைத் திறக்காதேங்கோ!" என்று ஓடிப்போய் வாஷ்பேசினை எட்டிப் பார்க்கிறேன்.

"சொல்லுமப்பா, எவ்வளவு?" என்கிறார், வாயில் நுரையோடு.

"வெள்ளை."

மத்தியானம் வரைக்கும் அது எனக்குப் போதும்.