ஞாயிறு பொழுது சாய்வதற்குள்

இந்தக் காலத்தில் செத்த வீட்டுக்கு வருகிறவனுக்குக்கூட வாசலில் பூட்ஸைத் துடைக்கத் தெரியவில்லை. கோல்மன் நடைவழியில் மண்டியிட்டு, மனைவி டிலியாவின் கைத்துடைப்பத்தால் கம்பளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மதியத்திலிருந்து இது மூன்றாவது தடவை. சேறும் மணலும். இந்த மலைச்சரிவில் எவன் வயலிலும் மணல் கிடையாது, எல்லாம் கறுப்பு மண். கடற்கரைப் பக்கம் காற்று வாங்கிவிட்டு அப்படியே துக்கம் கேட்க வருகிறான்கள் போல.

"அப்பா, எந்திரிங்க. ஆளுங்க உங்களைத் தாண்டித் தாண்டிப் போறாங்க." மகள் ஊனா தேநீர்த் தட்டோடு நின்றாள். டப்ளினிலிருந்து நேற்று மதியம் வந்தவள்.

"தாண்டட்டும். உங்கம்மா இருந்திருந்தா இப்படி ஒருத்தனை உள்ள விட்டிருப்பாளா?"

"அம்மா எல்லாரையும் விட்டிருப்பா. நீங்கதான் விட்டிருக்க மாட்டீங்க."

அவர் கம்பளத்தின் ஓரத்தை இன்னொரு தடவை பெருக்கினார். முன்னறையில், விருந்தாளிகள் காலைச் சாப்பாடு சாப்பிடும் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, டிலியாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நீலக் கம்பளிச் சட்டை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாலையோரம் 'தங்க இடம், காலைச் சாப்பாடு' பலகையை மாட்டிவிட்டு வந்தாள். வருஷா வருஷம் ஆடு ஈனும் காலத்தில் மாட்டுவாள், நவம்பர் பிறந்ததும் கழற்றுவாள். சனிக்கிழமை விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. பலகை இன்னும் அங்கேயே தொங்கியது.

அடக்கம் நாளை, திங்கட்கிழமை. பாதிரியாருக்கு வேறு நாள் இல்லை. அங்கேதான் சிக்கல். திங்கட்கிழமை புதுக்குழி ஆகாது என்று இந்தச் சரிவில் யாரும் தொடங்க மாட்டார்கள். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் புல்லோடு ஒரு கட்டியாவது வெட்டிப் புரட்டிப் போட்டிருந்தால், மிச்சத்தைத் திங்களன்று தோண்டலாம். அந்தக் கட்டியை வீட்டு ஆள் தொடக் கூடாது, அக்கம்பக்கத்து ஆள்தான் தொட வேண்டும். யாரையும் கூப்பிடும் வழக்கமில்லை, அவர்களாக வருவார்கள். தொட்டவன் செத்த வீட்டில் வந்து அதைப் பேசவும் மாட்டான்.

"யாராவது வெட்டியிருப்பாங்களாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? அவனவன் கொட்டாயில ஆடு ஈனிக்கிட்டு கிடக்கு. எவனுக்கு நேரம்?"

"மெர்ட்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவன்கிட்டயா? செத்தாலும் கேக்க மாட்டேன்."

பக்கத்து வயல்காரன் மெர்ட். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கோல்மனின் கிடா சுவர் தாண்டிப் போய் மெர்ட்டின் ஆடுகளோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டது. மெர்ட் கேட்க வந்தபோது, 'என் கிடா வந்ததுக்கு நீ தட்சணை வைக்கணும்' என்று கோல்மன் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. டிலியா மட்டும் அந்த வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோவதை நிறுத்தவில்லை. தன் மூன்று அறையும் நிறைந்துவிட்டால் மிச்ச விருந்தாளிகளை மெர்ட் வீட்டுக்குத்தான் அனுப்புவாள். சரிவில் இருந்த எல்லா வீட்டோடும் உறவு வைத்திருந்தவள் அவள். அவர் உறவு வைத்திருந்தது ஆடுகளோடு.

சொல்லி வாய் மூடவில்லை, மெர்ட்டே உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றினான், கோல்மன் கையைப் பிடித்தான். "மனசு கேக்கலை, கோல்மன்" என்றான். பெட்டியருகில் போய் டிலியாவின் விரல்களைத் தொட்டுவிட்டு, தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, கொட்டாயில் ஆடு நிற்கிறது என்று கிளம்பினான். போன தடம் முழுக்க மணல். கோல்மன் துடைப்பத்தை எடுத்தார்.

மூன்று மணிக்கு வாசலில் பயணப் பெட்டியோடு எக்கார்ட் நின்றார்.

ஜெர்மன்காரர். பத்தொன்பது வருஷமாக ஏப்ரலில் ஒரு வாரம் வருகிறவர். அவருக்குச் செய்தி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நிறைய கார்களைப் பார்த்து, டிலியா விருந்து வைக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி உள்ளே வந்தவர், முன்னறையில் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை டிலியாவின் வெளியூர்ச் சொந்தம் என்று நினைத்து, நாற்காலி கொடுத்து, கையில் பன்றி இறைச்சி ரொட்டியையும் விஸ்கியையும் திணித்தார்கள். அவர் அழுதார். சத்தமில்லாமல், ரொட்டியைக் கீழே வைக்கத் தெரியாமல்.

"பாவம். டவுன்ல ஹோட்டல் பாத்து அனுப்பிடலாமாப்பா?" என்றாள் ஊனா.

"உங்கம்மா ரூம் தரேன்னு வாக்கு குடுத்திருக்கா. தோட்டத்து ரூம்தானே, படுக்கை போட்டுக் குடு. காலையில முட்டை நான் போடுறேன்."

"நீங்களா?"

"குறுக்கால கிடக்கிற குட்டியைத் திருப்பி எடுக்கிறவனுக்கு ஒரு முட்டையைத் திருப்பத் தெரியாதா?"

ஊனா முதல்முறையாகச் சிரித்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எக்கார்ட் அவரிடம் வந்தார். "கோல்மன், எனக்கு ஒரு வேலை தாருங்கள். நான் சும்மா உட்கார முடியாது."

"விருந்தாளிக்கு என்ன வேலை? உக்காரும்."

காசு கொடுத்து ஆட்டுப் புழுக்கையை மிதிக்க வருகிற ஆளைப் பத்தொன்பது வருஷமாக கோல்மனுக்குப் புரிந்ததில்லை. புரியாத ஆளை அவர் நம்பியதுமில்லை. எக்கார்ட் சமையலறைக்குப் போய் ஊனாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு, திங்கள் என்று அவள் விரல்விட்டு எண்ணிச் சொல்வது காதில் விழுந்தது. அப்புறம் ஆளைக் காணோம்.

ஐந்து மணிக்குக் கொட்டாயில் ஒரு பெட்டையாடு இரட்டைக் குட்டி ஈன்றது. கை கழுவிவிட்டு வந்து, எக்கார்ட்டின் அறைக் கணப்பில் நெருப்பு வைக்கப் போனார் கோல்மன். சாம்பல் அள்ளும் சின்னக் கரண்டியைக் காணவில்லை.

"பாத்தியா? துண்டு போச்சு, சோப்பு போச்சுன்னு சொன்னா உங்கம்மா நம்ப மாட்டா. இப்ப சாம்பக் கரண்டியையும் தூக்கிட்டான்."

"அப்பா, அந்த மனுஷன் எதுக்கு சாம்பக் கரண்டிய..."

"அதை அவன்கிட்ட கேளு."

ஏழு மணியாயிற்று. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாம் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்களே தவிர, எவன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. கோல்மன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டாய்ச் சுவரிலிருந்து, காலால் மிதித்து வெட்டும் நீளக் கைப்பிடி மண்வெட்டியை எடுத்தார். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் தீட்டி வைத்தது.

ஊனா பின்னாலேயே ஓடிவந்தாள். "அப்பா, வேணாம். நீங்க தொடக் கூடாது."

"எவனும் தொடலைன்னா? செவ்வாக்கிழமை வரைக்கும் அவளை மேல வெச்சிருக்கச் சொல்றியா? மூணு நாள் ஒரே ரூம்ல கிடந்தா அவளுக்குப் பிடிக்காது."

கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டி, முக்கால் மைல். வழியில் மெர்ட்டின் படல். கோல்மன் நின்றார். தாழ்ப்பாளில் கை வைத்தார். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு வார்த்தைதான். 'மெர்ட், என் பெண்டாட்டிக்கு ஒரு கட்டி மண்ணு வெட்டித் தருவியா?'   தாழ்ப்பாளை விட்டுவிட்டு நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது சூரியன் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவருடைய அப்பா அம்மாவின் கல்லுக்குப் பக்கத்து இடம். குனிந்து பார்த்தார்.

புல் ஒரு கட்டி வெட்டப்பட்டுக் கவிழ்ந்து கிடந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கால்மாட்டில் இரண்டு. நடுவில் ஒன்று. கோல்மன் தலைமாட்டிலிருந்து தொடங்கி மறுபடி எண்ணினார். எட்டு. பன்றி கிண்டிப் போட்ட மாதிரி இருந்தது இடம்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முதல் வெட்டு இடது பக்கம் சாய்ந்திருந்தது. இடது காலால் மிதித்து வெட்டுகிறவன் இந்தச் சரிவில் மெர்ட் ஒருவன்தான். கால்மாட்டில் இருந்த இரண்டும் ஒரே அகலம். மலையடி வீட்டு அண்ணன் தம்பி. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை, ஆனால் ஒரே கடையில் வாங்கிய மண்வெட்டி. ஒவ்வொருத்தனும் ஒரு ஆடு ஈன்றதற்கும் அடுத்தது ஈனுவதற்கும் நடுவில் தனியாக ஓடிவந்திருக்கிறான். ஏற்கெனவே வெட்டிக் கிடப்பதைப் பார்த்தும், தன் பங்குக்கு ஒன்று வெட்டாமல் போக எவனுக்கும் மனசு வரவில்லை. காலடியில் ஈர மணல். அவர் மதியத்திலிருந்து பெருக்கிக்கொண்டிருந்த அதே மணல்.

எட்டாவது, வெட்டே இல்லை. கஞ்சியில் கரண்டி போட்டு அள்ளிய மாதிரி ஒரு சின்னப் பள்ளம். கிள்ளிய புல்லை அதன் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. கல்லுக்குப் பின்னால், கழுத்து வளைந்த சாம்பல் கரண்டி கிடந்தது.

கோல்மன் அதை எடுத்து, கல்லின் விளிம்பில் வைத்து, பூட்ஸால் அழுத்தி நேராக்கப் பார்த்தார். பாதிதான் நிமிர்ந்தது. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு கட்டி போதும்னு ஒருத்தனுக்கும் தெரியலை. ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கிறதும் கிடையாது" என்றார்.  செருமிக்கொண்டார். "இன்னிக்குக் கிள்ளிட்டு ஓடிட்டானுங்க. நாளைக்குக் காலையில ஆறடி தோண்ட எவன் வரான்னு பாக்கலாம், டிலியா."

மண்வெட்டியைப் புல்லில் இரண்டு பக்கமும் துடைத்தார். அதில் மண்ணே இல்லை. சுவரில், வருகிறவன் கைக்கு எட்டும் இடத்தில், கைப்பிடி மேலே இருக்கும்படி சாத்தி வைத்தார்.

"பாக்கலாம்" என்றார் மறுபடியும். வெளிப்படலைத் தாண்டும் முன் பூட்ஸிலிருந்த மணலைக் கல்லில் தேய்க்கப் போனவர், தேய்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.