ஒரு சென்டிமீட்டர் சோகம்

அண்ணனின் பட்டறையில் பஸ் ஹாரனுக்குக் குழாய் வெட்டும் வேலை அவளுக்குக் கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு வாசலில் போன் எடுக்கும் நாற்காலி. அவள் செய்த முதல் ஹாரனே திரும்பி வந்தது, கூடவே டிரைவரும்.

“ஏம்மா, இது ஹாரனா, ஒப்பாரியா? நேத்து ஒரே அமுக்குதான். ரோட்டோரம் நின்னவர் தொப்பியைக் கழட்டிட்டு, ‘யாருங்க போனது?’ங்கறார்!”

அண்ணனுக்குத் தலை வகிடுகூட அளவுகோல் வைத்து எடுத்தது போலிருக்கும். குழாய்களை அளந்தான். பெரியது முப்பது சென்டிமீட்டர், சின்னது இருபது, நடுவில் சரிபாதியாக இருபத்தைந்து. எல்லாம் அவன் கொடுத்த அளவேதான்.

“படிக்கட்டு மாதிரி அழகாத்தானே இருக்கு? உன் கைராசி சரியில்ல. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாற்காலிக்கே போயிடு.”

அவன் டீ குடிக்கப் போனதும் நடுக்குழாயில் கந்தலைத் திணித்து ஹாரனை அமுக்கினாள். மற்ற இரண்டும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்நியர்கள் போல ஒலித்தன. சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. கந்தலை உருவினாள். இழவு வந்து சேர்ந்தது.

அட, நீதானா!

ச, க, ப. மூன்று சுரம் ஒன்றாக ஒலித்தால், மேற்கத்திய இசையில் அதற்குப் பெயர் ‘கார்டு’. கீபோர்டு வகுப்பில் பரீட்சைக்கு உருப்போட்டு, மறுநாளே மறந்த பாடம். பெரிய குழாய் ச, சின்னது ப, இரண்டும் வெறும் சுவர்கள். உள்ளே குடியிருப்பது நடுக்குழாயின் க. அது கொஞ்சம் இறங்கினால் மைனர், வீடே மூக்கைச் சிந்தும். கொஞ்சம் ஏறினால் மேஜர், வீடே பல்லை இளிக்கும். குழாய் குட்டையானால் சுரம் ஏறும். அண்ணனின் சரிபாதிதான் அழுதுகொண்டிருந்தது.

ரம்பத்தை எடுத்தாள். ஒரே ஒரு சென்டிமீட்டர்.

டிரைவர் அமுக்கினார். தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் துள்ளி விழுந்து, எழுந்து, டிரைவரின் ஏழு தலைமுறையையும் வாய் மணக்கத் திட்டினார்.

“ஆங்! இப்பதான் பஸ்ஸு!” டிரைவர் முகமெல்லாம் பல்.

அண்ணன் ஓடி வந்து அளந்தான். இருபத்துநாலு.

“கோணலா இருக்கே.”

“கோணலா இருந்தாத்தாண்ணே சிரிக்குது.”

அவன் இன்னொரு முறை அளந்தான். வாசலில் போன் அடித்தது. அவள் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை. நான்காவது மணிக்கு அண்ணனே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.