விருத்தாசலம் சாப்பிடும் நேரம்

எங்கள் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் நன்றாகப் போனது. பெங்களூரில் அரங்கு நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். பாட்டுகளில் ஓர் அவசரம் இருப்பதாக எழுதினார்கள். உண்மைதான். எட்டுப் பாட்டையும் ஒருவர் மதியம் சாப்பிடும் நேரத்தில்தான் பதிவு செய்தோம்.

முதல் ஆல்பம் சென்னையில் செய்தது. என் குரல் பிசகிய இடங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் நேராக்கிவிட்டார்கள். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். யாரோ ஒரு பெண், வாழ்க்கையில் எதுவும் நடக்காதவள் போலப் பாடிக்கொண்டிருந்தாள். அதை யாரும் வாங்கவில்லை. எனக்கே அவளைப் பிடிக்கவில்லை என்பதுதான் பல மாதம் அரித்தது. அடுத்ததில் மூவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வோம், என் குரலில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன்.

"இதுவும் ஊத்திக்கினா நான் மாமா கடைக்கே போயிடுவேன், ஆர்த்தி," என்றான் கிட்டார் வாசிக்கும் பிரவீன்குமார்.

"போ. பாட்ட முடிச்சிட்டுப் போ."

அது 2014, ஆடி. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் திண்டிவனத்தில் ஒரு மண்டபம் பூட்டிக் கிடந்தது. மாதத்தின் கடைசிப் பத்து நாள் பதிவுக்காக எங்களுக்குத் தந்தார்கள். ஆடியில் மண்டபம் காலி என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அதே ஆடியில் அம்மன் கோயில் காலி இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பதிவுக்கு மைக்கை வைத்ததும் பக்கத்துத் தெருவின் குழாய் ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது. டிரம்ஸ் வாசிக்கும் ராம்கி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

இரண்டு நாள் வீணான பிறகு, கோயில் மைக்செட்காரர் விருத்தாசலத்திடம் போனேன்.

"அண்ணே, தினம் கொஞ்ச நேரம் நிறுத்துவீங்களா?"

"அம்மனுக்கு நீ பதில் சொல்லுவியா? நான் சோறு துண்றப்ப மட்டும் நிறுத்துவேன், எனக்கே காது பேஜாராயிடும். அரை மணி நேரம். ஜல்தியா முடிச்சிக்க."

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. பதிவின் எட்டாம் நாள், மண்டபத்தில் எங்கள் கடைசி நாள், கடைசிப் பாட்டில், உயர்ந்து போகும் வரியில் என் குரல் உடைந்தது. மறுநாள் மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறது.

"இந்த ஒரு எடந்தானே? சென்னையில சரி பண்ணிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் பிரவீன்.

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். உடைந்தது எனக்குத் தொந்தரவாக இல்லை. அதற்கு முன்னாலேயே நான் பாட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கர் எப்போது தொடங்குமோ என்று காது கொடுத்திருந்தேன். குரலில் அந்தப் பயம்தான் கேட்டது. திருத்தாமல் விடுவதைத் துணிச்சல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மறுபடி பாடாமல் தப்பிக்கவும் அதுவே வசதியாக இருந்திருக்கிறது.

பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். விருத்தாசலம் கை கழுவ எழுந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குங்க."

"இது வயிறா, குடோனா?"

"ஒரே பாட்டுண்ணே. நான் ஒழுங்கா பாடல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலித் தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாப்ட்டுக்கினுதான் இருக்கேன். போ."

மண்டபத்துக்குள் வந்து கண்ணை மூடிக்கொண்டேன். ராம்கி குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினான். இந்த முறை நான் எதற்கும் காது கொடுக்கவில்லை. உயர்ந்து போகும் வரி உடையாமல் நின்றது. குரல் அதற்கு இரண்டு வரி தள்ளி, நான் நினைக்காத இடத்தில் உடைந்தது. பிரவீன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இது இருக்கட்டும்," என்றேன்.