ஒத்துப் பேச ஓர் ஆள்

"அங்க போய் நீ பேசப் போறியா, இல்ல ஒத்துப் பேசப் போறியா? அத இப்பவே சொல்லிடு."

மாமனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மருமகளிடம் கேட்டார். கணவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் ஊற்றப் போன மாமியாரின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் மாமனார் கேட்கும் கேள்விக்குப் பதிலும் அவரிடமேதான் இருக்கும் என்பது கல்யாணமான புதிதிலேயே மருமகளுக்குப் பிடிபட்டிருந்தது.

வெளியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு ஆளெடுக்கிறவர்கள் எட்டுப் பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஓரமாக இருந்து கவனிப்பார்கள் இல்லையா, அந்தக் குழு விவாதத்துக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். வீட்டு முன்னறையில் வட்டமாக நாற்காலி போட்டிருக்கும். "கத்தறவன் தோத்துடுவான். காது குடுக்கறவன்தான் ஜெயிப்பான். பேசத் தயங்கறவரப் பேச வைக்கத் தெரிஞ்சவன்தான் தலைவன்" என்று மாணவர்களிடம் அவ்வளவு இதமாகச் சொல்வார். சமையலறைக் கதவைத் தாண்டியதும் அதே மனுஷனா என்று சந்தேகம் வந்துவிடும்.

வகுப்பில் ஆள் குறைந்தால் மருமகளுக்கு அழைப்பு வரும். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் வட்டத்தில் உட்கார வேண்டும். "நீ பேச வேண்டாம். இடத்த மட்டும் நிரப்பு" என்பார். அவளும் நிரப்பினாள். பேசுகிற பொறுப்பு இல்லாததால் அவளுக்குப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. யார் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்கிறார்கள், யார் அடுத்தவர் யோசனையைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் நாளடைவில் முகத்தைப் பார்த்தே தெரிந்துபோயிற்று.

கணவன் நன்றாகப் படித்தவன். எழுத்துத் தேர்வுகளில் தேறிவிடுவான். விவாதத்தில் ஒவ்வொரு முறையும் கோட்டை விடுவான். மாஸ்டரின் மகனே தேறவில்லையாம் என்று தெருவில் பேச்சு. இப்போது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் கிளை அதிகாரிகளை எடுக்கிறது. "அவனுக்குத் துணையா இவளும் எழுதட்டும்" என்று மாமனார்தான் அவளையும் எழுத வைத்தார். இருவருமே தேறினார்கள். விண்ணப்பங்கள் சேர்ந்து போனதால் எண்களும் அடுத்தடுத்து விழுந்து, ஒரே குழுவில் வந்து நின்றார்கள். அங்கேதான் மாஸ்டரின் மூளை வேலை செய்தது.

"இவன் பேச ஆரம்பிச்சா நீ தலையாட்டணும். யாராவது குறுக்க வந்தா, 'அவர் சொல்லி முடிக்கட்டும்'னு சொல்லணும். திணறினான்னா, 'இவர் சொல்றத நானும் ஒத்துக்கறேன்'னு எடுத்துக் குடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"எனக்கும் அதே வேலைக்குத்தானே மாமா கூப்பிட்டிருக்காங்க?"

"கூப்பிட்டா? வீட்ட யாரு பாக்கறது, கம்பெனிக்காரனா?"

கணவன் சிரித்தான். மாமியார் மெதுவாக, "அவன் மானத்த வாங்கிடாதம்மா" என்றாள்.

தேர்வு நடந்த அறையில் நீள்வட்ட மேஜை. எட்டுப் பேர். சுவரோரம் மூன்று அதிகாரிகள். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவர்தான் தலைப்பைச் சொன்னார்: "ஒரு கிடங்க மூடப் போறோம். அங்க வேலை செய்யறவங்ககிட்ட எப்ப சொல்றது?"

கணவன் யாருக்கும் இடம் கொடுக்காமல் ஆரம்பித்தான். "கடைசி நாள் சொன்னாப் போதும். முன்னாடியே சொன்னா ஒருத்தனும் வேலை செய்ய மாட்டான்." அவள் தலையாட்டினாள். யாரோ மறுக்கப் போனார்கள். "இவர் சொல்றத நானும் ஒத்துக்கறேன்" என்றாள். அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

எதிரே நீலச்சட்டைக்காரர் ஒருவர் நெடுநேரமாகப் பேச முயன்றுகொண்டிருந்தார். அவருக்குத் திக்குவாய். "எங்க... எங்கப்பா ஒரு கி... கிடங்குல..."

"முன்னாடியே சொல்லி, எல்லாரும் தகராறு பண்ணினாங்க. அதானே?" என்று கணவன் முடித்து வைத்தான். "நான் சொல்றதும் அதேதான்." இரண்டு பேர் சிரித்தார்கள். நீலச்சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மேஜைக்கடியில் கணவனின் கால் அவள் காலை இடித்தது. ஏதாவது சொல் என்று அர்த்தம்.

"அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றாள் அவள்.

கணவன் திருப்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்து தொடரப் போனான்.

"உங்கள இல்லங்க. அவரச் சொன்னேன்."

நீலச்சட்டைக்காரர் அவளை ஒருமுறை நம்பாமல் பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "யாரும் சொ... சொல்லல. காலையில போனப்ப கேட்டுல பூ... பூட்டு. சாப்பாட்டு டப்பாவோட திரும்பி வந்தார். அதுக்கப்புறம் ரொ... ரொம்ப நாள் வீட்டுல யாரோடயும் பேசல."

அதன் பிறகு அவளால் இடத்தை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்க முடியவில்லை. மேஜைக் கோடியிலிருந்த ஒரு பெண் சொல்ல வந்து பாதியில் விட்டதைக் கேட்டு வாங்கினாள். வேறு ஊருக்கு மாற்றினால் குடும்பம் என்னாகும் என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி. பிறகு அவள் எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்துச் சொன்னாள். "வேலை நின்னுடும்னு இவர் பயப்படறதும் நியாயம்தான். அப்ப, மூடப் போறோம்கறத மட்டும் சொல்லாம, ஒவ்வொருத்தருக்கும் அடுத்து எங்க வேலைன்னு சேர்த்தே சொல்லுவோம். அது தெரிஞ்சா கடைசி நாள் வரைக்கும் ஏன் வேலை செய்ய மாட்டாங்க?"

மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். கணவன் முகம் சிவந்துவிட்டது.

"வீட்டுல சொல்லி அனுப்பினது மறந்துபோச்சா? வாய மூடிட்டு உக்காரு."

கண்ணாடி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். திரும்பும்போது கணவன் பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவளும் நீலச்சட்டைக்காரரும் தேர்வானார்கள். செய்தி வந்த அன்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

"கட்டின புருஷன் வாயில மண்ணப் போட்டுட்டு வந்து நிக்கிறா" என்றாள் மாமியார். கணவன் அவள் இருக்கும் அறைக்குள் வருவதை விட்டான்.

"வேலை வேண்டாம்னு எழுதிப் போட்டுடு" என்றார் மாமனார்.

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

"யோசிக்க இது உன் விஷயமில்ல. வீட்டு விஷயம்."

அவள் எழுதிப் போடவில்லை. எழுதிவிட்டாள் என்றே மாமனார் எடுத்துக்கொண்டார். தான் சொன்ன ஒன்று நடக்காமல் போகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வாரமே வீட்டு வாசலில் பெரிய பேனர் ஒன்று ஏறியது. 'எங்கள் பயிற்சி. முதல் முயற்சியிலேயே வெற்றி' என்ற எழுத்துகளுக்குக் கீழே அவள் படம். கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது. ஓரத்தில் கணவனின் தோள்பட்டை மட்டும் மிச்சமிருந்தது.

"வேலைக்குப் போக வேண்டாம்னீங்க. படம் மட்டும் எதுக்கு மாமா?"

"படம் வீட்ட விட்டு எங்கயும் போகாது" என்றார் அவர்.

பேனருக்குப் பலன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர்கள் வந்து முன்னறை நிறைந்துவிட்டது. மாமனார் சமையலறைக்கு வந்து, "ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போ. என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?" என்று கூட்டிப் போனார்.

அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், மகளோடு வந்திருந்த ஓர் அம்மாள் கேட்டாள். "எந்தக் கிளைம்மா குடுத்திருக்காங்க? எப்பப் போய்ச் சேரணும்?"

"அது வந்து, குடும்பத்துல கலந்து பேசி..." என்று மாமனார் முந்தினார்.

"ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கிளைங்க. நாளைக்குக் காலையில சேரறேன்."

"பரவால்லையே. வீட்டுல சரின்னுட்டாங்களா?"

"மாமா இங்கதானே இருக்கார். கேளுங்க."

எல்லாத் தலைகளும் மாஸ்டர் பக்கம் திரும்பின. பெண்ணைப் பெற்றவர்கள் பாதிக்கு மேல். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "நம்ம மையத்தோட கொள்கையே அதுதானேம்மா. பெண்கள் முன்னுக்கு வரணும்" என்றார். கைதட்டல் எழுந்தது. அவரும் சேர்ந்து தட்ட வேண்டியதாயிற்று. கேள்வி கேட்ட அம்மாள் அங்கேயே மகளைச் சேர்த்துவிட்டுப் போனாள்.

கடைசி ஆள் படியிறங்கியதும் மாமனார் திரும்பினார். "நாலு பேர் முன்னாடி என்ன மடக்கிட்டேல்ல."

"வேண்டாம்னு நீங்க சொல்லியிருக்கலாமே மாமா. நான் குறுக்க வந்திருக்க மாட்டேன்."

வீட்டில் அன்று முழுக்க யாரும் அவளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் செருப்பை மாட்டும்போது மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். பின்னால் சாப்பாட்டு மேஜையில் மாமனாரும் கணவனும் வெறும் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ பாட்டுக்குக் கிளம்பிட்டே. இங்க சமையல யாரு பாக்கறது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.