ஓட்டுப் போட மலையேறிய வீடு

பிப்ரவரிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை, லவீனா ஸ்டிக்னி காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தபோது மேல் ஊர் பிக்ஸ்பிக்கும் கீழ் ஊர் ஹார்லோவுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல் அவள் படிக்கட்டுக்கு மேலே, மலைப் பக்கமாக நின்றது. முந்தின நாள் வரை அது வீட்டுக்குக் கீழே இருந்த கல். கல் நடக்காது என்பது வெர்மான்டில் எல்லோருக்கும் தெரியும். ஆக, நடந்தது வீடுதான்.

மூன்று நாள் வெயிலில் பனி இளகி, வீடு சரிவில் வழுக்கி இறங்கியிருந்தது. மிகவும் மரியாதையாக இறங்கியிருக்க வேண்டும். அடுப்போரம் அடைகாத்த கோழி எழுந்திருக்கவே இல்லை. பிசைந்து வைத்த ரொட்டி மாவு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உப்பியிருந்தது.

லவீனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, பதினொரு பசு, வேறு யாரும் இல்லை. வீடு நகர்ந்ததற்கு அவள் கவலைப்படவில்லை. செவ்வாய்க்கிழமைதான் கவலை. மார்ச் முதல் செவ்வாய் பிக்ஸ்பி ஊர்க்கூட்டம். ஊரார் மண்டபத்தில் கூடி, தங்களுக்கு வேண்டிய சட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளும் நாள். நோட்டீஸில் ஏழாவது தீர்மானம், அவள் வீட்டுக்கு வரும் இரண்டு மைல் பாதையை ஊர் கைவிடுவது. பாதை போனால் பால் கீழே இறங்காது. பால் இறங்காவிட்டால் பசுக்களை விற்றுவிட்டு ஏதாவது ஆலை நகரத்தில் தறிக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

யார் எந்தப் பக்கம் என்பது பிக்ஸ்பியில் நவம்பரிலேயே முடிவாகிவிடும். ஆதரவு நாற்பத்திரண்டு. எதிர்ப்பு, லவீனாவைச் சேர்த்தால், நாற்பத்திரண்டு. சமமாக வந்தால் தீர்மானம் தோற்கும். பெண்களுக்கு ஓட்டு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அதை ஒரு மலைச்சரிவிடம் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

வாக்காளர் பட்டியல் ஊர் எழுத்தர் ஆல்வா த்ரால் கையில் இருந்தது. ஏழாவது தீர்மானத்தைக் கொண்டு வந்தவனும் அவன்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சு. லவீனா அன்றே அவனைத் தேடிப் போனாள்.

"உன் கட்டில் எந்த ஊர்ல கெடக்கு, லவீனா?" என்றான்.

"படுக்கும்போது பிக்ஸ்பில கெடந்துது. எழுந்திருக்கும்போது ஹார்லோல."

"அப்ப நீ ஹார்லோக்காரி. படுக்கிற ஊர்லதான் ஓட்டு."

"என் பாதையை மூடறது ஹார்லோ இல்லியே. பிக்ஸ்பிதானே? வேணும் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வேணுமா இல்லியா? என்னைக் கேக்காம என்னை ஆள்றதுக்கு இங்கிலாந்து ராஜாவே போதுமே, ஆல்வா. அவரோட ஆளுங்களை நம்ம முப்பாட்டனுங்க எதுக்குக் கப்பலேத்தி அனுப்பினாங்க?"

ஆல்வா சட்டப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டினான். "திரும்பி வர்ற எண்ணத்தோட வெளியே போனவங்களுக்கு ஓட்டு போகாதுன்னு இருக்கு."

"எனக்கு எண்ணம் இருக்கு."

"எண்ணத்தை நான் எப்படிப் பாக்கிறது? வீடு வந்தா பாக்கலாம்."

"செவ்வாய்க்கிழமை வந்து பாரு."

வீடு பழைய இடத்துக்கே போக வேண்டாம், எல்லையைத் தாண்டினால் போதும். நாற்பதடி. லவீனா வீட்டை நெம்பித் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை உருளக் கொடுத்து, தன் இரண்டு எருதுகளைப் பூட்டினாள். சனிக்கிழமை ஆறடி ஏறியது. ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, இரண்டடி. ஓய்வுநாளில் வேலை செய்ததை ஆண்டவர் கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை பாதையில் மணிச்சத்தம் கேட்டது. ஆல்வா பன்னிரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன, வேடிக்கை பாக்க வந்தியா?"

"இழுக்க வந்தேன்."

"நான் உனக்கு எதிராத்தான் ஓட்டுப் போடுவேன். தெரியும்ல?"

"தெரியும். நாளைக்கு உன்னைத் தோக்கடிக்கணும். நீ மண்டபத்துல இல்லாம உன்னை எப்படித் தோக்கடிக்கிறது? மலை சறுக்கினதால ஜெயிச்சேன்னு வீட்ல போய்ச் சொன்னா எனக்குச் சோறு கெடைக்காது. சங்கிலியைப் பிடி."

பதினான்கு எருதுகள் இழுத்ததில், நாற்பதடிச் சங்கிலி நாற்பத்து மூன்றடி ஆனது. அவை விட்ட மூச்சு மேகமாகத் திரண்டு ஹார்லோ மீது இரண்டு நாள் பனியாகப் பெய்தது. மதியத்துக்குமேல் சமையலறை எல்லையைத் தாண்டியது. படுக்கையறை கீழேயே மாட்டிக்கொண்டது.

"கட்டிலைத் தூக்கிச் சமையலறையில போட்டுடவா?" என்றாள் லவீனா, முகத்தைத் துடைத்தபடி.

ஆல்வா அவளைப் பார்த்தான். "நீ அப்படிச் செய்ற ஆளா?"

"இல்ல."

"பின்ன இழு."

சூரியன் இறங்குமுன் கட்டிலின் நான்காவது காலும் பிக்ஸ்பிக்குள் வந்தது. ஆல்வா நூல் பிடித்துப் பார்த்துத் திருப்தியானான்.

மறுநாள் மண்டபத்தில் யாரும் யாரோடும் நேரே பேசக்கூடாது. திட்டுவதென்றாலும் கூட்டத் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும்.

"தலைவரே," என்றான் ஆல்வா, "ஒரே ஒரு வீட்டுப் புகைபோக்கிக்காக ஊர்க் குதிரைங்க ரெண்டு மைல் பனியை மிதிச்சுப் பாதை போடணுமான்னு கேளுங்க."

"தலைவரே," என்றாள் லவீனா, "நேத்து எழுத்தர் பன்னெண்டு எருதோட அந்தப் பாதையிலதான் வந்தாரு. பாதை இல்லேன்னா பறந்து வந்திருப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் மனம் மாறவில்லை. ஆதரிப்பவர்கள் வலது சுவரோரம், எதிர்ப்பவர்கள் இடது சுவரோரம் போய் நின்றார்கள். அடுப்பு இடது பக்கம் இருந்ததால், நியாயத்துக்காக அதை முதலில் அணைத்தார்கள். ஆல்வா இரண்டு தடவை எண்ணினான்.

நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு.

தீர்மானம் தோற்றது என்று அவனே பதிவேட்டில் தெளிவாக எழுதி, மை உலர ஊதினான். சாப்பாட்டு வேளையில் அவித்த பீன்ஸ் தட்டோடு லவீனாவின் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த வருஷமும் கொண்டு வருவேன்."

"கொண்டு வா."

"வீட்டை எதுலயாவது கட்டிப் போடு. என் மாடுங்களுக்கு வயசாகுது."

அன்றே அவள் வீட்டின் நான்கு மூலைகளையும் மேலே இருந்த நான்கு மேப்பிள் மரங்களில் சங்கிலி போட்டுக் கட்டினாள்.

அடுத்த பிப்ரவரியில் ஆல்வா நோட்டீஸோடு மலையேறி வந்தான். சங்கிலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். நான்காவது கொஞ்சம் தளர்ந்திருந்தது, முறுக்கி இறுக்கினான். அதன் பிறகுதான் ஏழாவது தீர்மானத்தை அவள் கதவில் ஒட்டினான்.