நிரம்பினால் விடு

அண்ணனுக்கு இடுப்பெலும்பில் அறுவை முடிந்து ஐந்து நாள். புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டும். கட்டிலோரம் தொங்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் வார்டு மேசையில் மணி அடிக்கும், சிஸ்டர் வருவாள். அப்படித்தான் ஏற்பாடு. அன்று காலை அவர் தடதடவென்று மூன்று முறை அமுக்கினார். யாரும் வரவில்லை. தானே எட்டித் தண்ணீரை எடுக்கப் பார்த்து, கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். நல்லவேளை, தையல் பிரியவில்லை. முழங்கை மட்டும் சிராய்த்தது.

செய்தி கேட்டுத் தங்கை ஓடி வந்தாள். இவள் யாரென்று இப்போதே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. குழம்புவதற்கு வேறு விஷயம் நிறைய இருக்கிறது, இதிலுமா குழம்ப வேண்டும்? மேசையில் அந்த மணியை அடிக்கும் பெட்டிக்குள் ஓர் இயங்குதளம் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் செய்திகளை அதில் வாங்கி வைக்கும் பகுதியை எழுதியவள் இவள். அலுவலகத்தில் இவளை வரிசைக்காரி என்பார்கள். பொத்தானை அமுக்கினால் ‘நாலாம் கட்டில் கூப்பிடுகிறது’ என்று ஒரு சின்னச் செய்தி, அதாவது பாக்கெட், பெட்டிக்கு வரும். வந்த பாக்கெட் வரிசையில் நிற்கும். நிரல் முன்னால் நிற்பதை ஒவ்வொன்றாக எடுத்து, பிரித்துப் பார்த்து, மணியை அடிக்கும். வரிசையில் ஐம்பது பாக்கெட்டுக்குத்தான் இடம்.

அவள் வந்தபோது மேட்ரன் அறையில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“மணி அடிக்கல மேடம். அடிச்சிருந்தா போயிருப்பேன்.”

மேட்ரன் திரையைத் திருப்பிக் காட்டினார். “பெட்டி வேற கதை சொல்லுதேம்மா. உள்ளே விட்ட அழைப்பு முப்பத்தேழு. நீ பார்த்து முடிச்சது இருபத்துநாலு. மிச்சம் பதிமூணு பேரு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சிருக்காங்க.”

“இருபத்துநாலு தடவை அடிச்சுது. இருபத்துநாலுக்கும் போனேன்.”

“பன்னிரண்டு மணிக்குள்ள மேலிடத்துக்கு எழுதியாகணும். நீ இனி இந்த வார்டுல இருக்கிறது கஷ்டம்.” எழுதத் தொடங்கிய தாள் மேசையில் இருந்தது. சிஸ்டரின் பெயர் வரைக்கும் வந்திருந்தது.

வரிசைக்காரி அந்த எண்ணைப் பார்த்தாள். தன் பெட்டி, தன் கணக்கு. “பெட்டி பொய் சொல்லாதுங்க” என்று சொல்லிவிட்டாள். சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

அதே வேகத்தில் அண்ணனிடம் போய், “நான் சொல்லிட்டேன் அண்ணா” என்றாள்.

“என்னத்த சொன்ன?”

“பெட்டி மேல தப்பில்லன்னு.”

“அப்ப அந்தப் பொண்ணு மேல தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்க. கெட்டிக்காரி.” அண்ணன் முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டார். “நேத்து பக்கத்துக் கட்டில்காரர் லேசா இருமினாரு. மணி இல்ல, ஒண்ணும் இல்ல, ஓடி வந்தா. இருமலுக்கு வர்றவ மணிக்கு வரமாட்டாளா? எனக்கென்னவோ உன் பெட்டிக்குத்தான் காது மந்தம்னு தோணுது.”

“அது எண்ணி வச்சிருக்கு அண்ணா! முப்பத்தேழு!”

“எதை எண்ணி வச்சிருக்கு?”

அவள் பார்வை அவர் கையில் விழுந்தது. அண்ணனின் விரலில் போன வாரம் புதிதாக மாட்டிய நாடித்துடிப்பை அளக்கும் கவ்வி இருந்தது. அது நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். அந்த வார்டில் அப்படிப் பத்துக் கவ்வி. எல்லாம் இதே வரிசையில்தான் வந்து நிற்கும். அப்படியானால் காலையிலிருந்து உள்ளே போனது பல்லாயிரம் இருக்க வேண்டும். முப்பத்தேழு எப்படி?

ஒருவேளை அழைப்பை மட்டும் எண்ணுகிறதோ? அவள் எழுதிய வரியில் அப்படி ஒன்றும் இல்லை. வரிசைக்கு எது அழைப்பு, எது நாடி என்று தெரியாதே. பிரித்தால்தானே தெரியும்? தான் எழுதியதே தனக்குப் புரியாத மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. நடைபாதைக்கு வந்து, திரைக்கு எழுத்துப் போடுகிறவனைக் கூப்பிட்டாள். எதையும் சுருக்கி எழுதுவதால் அவனுக்குச் சுருக்கு என்று பெயர்.

“டேய் சுருக்கு, திரையில முப்பத்தேழுன்னு வருதே, அதை எங்கிருந்து எடுக்கிற?”

“உங்க கணக்குலருந்துதான் அக்கா. ‘விட்டது’ன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே.”

“அது வெளிய விட்டதுடா!”

“வெளியன்னா? வந்தது உள்ளதானே போகும்?”

“உள்ள போகல! இடமில்லாம விட்டது!”

“இடமில்லாம எப்படிக்கா விட்டீங்க?”

“ஐயோ, விடலடா! விட்டுட்டேன்!”

“அக்கா, விட்டீங்களா, விடலையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எனக்குத் தலை சுத்துது.”

“நிரம்பினா விடுன்னு குறிப்பு எழுதியிருந்தேனே, படிக்கல?”

“படிச்சேனே. நிரம்பினாலும் பரவால்ல, பாவம், உள்ள விடுன்னு எடுத்துக்கிட்டேன். பஸ்ல அப்படித்தானே ஏத்துறாங்க? நீங்க இளகின மனசுக்காரின்னு நினைச்சேன். பார்க்கிறவங்களுக்குப் புரியட்டும்னு நானே ‘உள்ளே’யும் சேர்த்தேன், ‘அழைப்பு’ம் சேர்த்தேன்.”

“ஆயுசுல ஒரு தடவை நீளமா எழுதியிருக்க. அதுவும் தப்பா.”

“நீங்க ஒரு தடவை சுருக்கமா எழுதினீங்க. அதுவும் அப்படித்தான்.”

அவளால் திட்ட முடியவில்லை. அவள் மனத்தில் இருந்தது ‘விட்டுத் தள்ளு’. எழுதியது பாதிதான். இடையில் இணைப்பு அறுந்தால் கவ்விகள் கணக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இணைப்பு திரும்பியதும் பத்தும் ஒரே மூச்சில் கொட்டும். அந்த நொடியில் ஐம்பது இடமும் போய்விடும். அப்போது அமுக்கினால் அழைப்புக்கு நிற்க இடம் ஏது? பொத்தான் ஓர் அமுக்கலுக்கு ஒரே தடவைதான் சொல்லும், மறுபடி அனுப்பாது. அண்ணன் அமுக்கிய மூன்றும் அந்தக் கொட்டலில் போயிருக்கும்.

மணி பதினொன்றே முக்கால். மேட்ரன் அறையில் தாளில் இன்னும் நாலு வரி ஏறியிருந்தது.

“மேடம், அது உள்ள விட்டதில்ல. கீழ போட்டது.”

“யாரு போட்டா?”

“பெட்டி.”

“கீழயா? எங்க கிடக்கு?”

“எங்கயும் கிடக்காது மேடம். வரிசை நிரம்பிட்டா, பின்னால வர்றதை எடுக்காம அழிச்சிடும். அழிச்சதை எண்ணும். அந்த எண்ணுதான் முப்பத்தேழு. இவங்க மேசைக்கு அது வரவே இல்ல.”

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “பெட்டி பொய் சொல்லாதுன்னு காலையில சொன்னது நீதானேம்மா?”

“நான்தான். அது நிஜத்தைத்தான் சொல்லுது. நாங்கதான் அது பேச்சைத் தப்பா எழுதிட்டோம்.”

“இது எனக்குப் புரியாது. மேலிடத்துக்கும் புரியாது. தப்பு யாரு மேலன்னு ஒரே வரியில எழுதிக் கொடு.”

அவள் நின்றபடியே எழுதினாள்: மணி அடிக்கவில்லை, அடிக்காததற்கு நான் எழுதிய நிரல் காரணம். கையெழுத்துப் போட்டாள். மேட்ரன் பழைய தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார். கிழிக்கவில்லை, ஆனால் சிஸ்டரைப் பார்த்து, “வார்டுக்குப் போ” என்றார்.

வெளியே வந்ததும் வரிசைக்காரி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். சிஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை.

“அந்த முப்பத்தேழும் யாரு யாரோடது?”

“தெரியாதுங்க.”

“கட்டில் நம்பர் இருக்கும்ல?”

“உள்ள இருக்கும். பிரிச்சாத்தான் தெரியும். இடமில்லாம போடறப்போ பிரிக்கிறதில்ல. அதுல நாடிக் கணக்கும் இருக்கும், கூப்பிட்டதும் இருக்கும். எது எத்தனைன்னு...”

“பிரிச்சுக்கூடப் பார்க்காமயா?”

வரிசைக்காரி போனை எடுத்தாள். அழைப்புக்குத் தனி வரிசை போடச் சொல்லி அலுவலகத்துக்கு அப்போதே செய்தி அனுப்பினாள். சாயங்காலம் ஆகும் என்றார்கள். சாயங்காலம் வரை?

சிஸ்டர் அதற்குள் முதல் கட்டிலுக்குப் போய்விட்டாள். “காலையில கூப்பிட்டீங்களா? நான் வராம இருந்தேனா?” அங்கே படுத்திருந்தவர் யோசித்து, ரெண்டு தடவை என்றார், பிறகு அது நேற்றோ என்றார். இரண்டாம் கட்டில் அம்மா, “நீ வேலையா இருப்பன்னு சும்மா இருந்துட்டேன்” என்றார். எத்தனை தடவை? “அதை யாரு எண்ணினா?” மூன்றாமவர் அமுக்கவே இல்லையாம், பொத்தான் தலையணைக்கடியில் தானாக அமுங்கிக் கிடந்தது. வரிசைக்காரி பின்னாலேயே போய்க் குறித்துக்கொண்டாள். கூட்டிப் பார்த்தால் ஒருமுறை ஒன்பது வந்தது, இன்னொருமுறை பதினொன்று.

“பெட்டி சரியாகிற வரைக்கும் பொத்தானை நம்பாதீங்க” என்று சிஸ்டர் வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள். “என்ன வேணும்னாலும் வாயைத் திறந்து கூப்பிடுங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“சிஸ்டர்!”

எந்தக் கட்டில் என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று பக்கத்திலிருந்து இன்னும் மூன்று குரல்.

“நீங்க அந்தப் பக்கம் போங்க” என்றாள் சிஸ்டர்.

எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்து, கேட்காமல், வரிசைக்காரி மிக அருகில் கேட்ட குரலை நோக்கி ஓடினாள்.